நாம் கேட்காமல் விட்ட கேள்விகள்

செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "சுழி" என்ற பதில் பலரிடமிருந்து தயக்கமே இல்லாமல் வரும். பந்து நிற்கிறது, ஆகவே முடுக்கமும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. முடுக்கம் அங்கே சுழியாக இருந்தால் பந்து கீழே இறங்கவே இறங்காது, போன இடத்திலேயே நின்றுவிடும். பூமி அதை இழுப்பதை ஒரு கணமும் நிறுத்துவதில்லை. ஏறும்போதும் நிற்கும்போதும் இறங்கும்போதும் அதே 9.8 மீ/வி² தான், அதே கீழ்நோக்கிய திசையில்தான். இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் இந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். டெரிவேஷனை ஒரு வரி பிசகாமல் எழுதுவார்கள். அந்தச் சமன்பாட்டில் இருக்கும் முடுக்கம் பந்துக்கு என்ன செய்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

குறை பிள்ளைகளிடம் இல்லை. இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். வகுப்பில் நின்ற ஆசிரியர்கள், வினாத்தாள் தயாரித்தவர்கள், விடைத்தாள் திருத்தியவர்கள், தேர்ச்சி விழுக்காட்டைப் பலகையில் எழுதி வைத்த பள்ளி நிர்வாகங்கள், மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததோடு நிறைவடைந்த பெற்றோர் என எல்லோருமாகச் சேர்ந்த நாம். ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் இயற்பியல் தேர்வு என்ற பெயரில் நினைவாற்றலையும் கையெழுத்தையும் எழுதும் வேகத்தையும் சோதித்தோம். இயற்பியல் புரிந்ததா என்பதைச் சோதிக்கவே இல்லை. இதை நாமே ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் நமக்காக ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

பழைய முறையை நினைத்துப் பாருங்கள். பிளஸ் டூ இயற்பியலுக்கு மொத்தம் 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. ஒரு மதிப்பெண் வினாக்கள் 30, மூன்று மதிப்பெண்ணுக்கு 15, ஐந்து மதிப்பெண்ணுக்கு 7, பத்து மதிப்பெண்ணுக்கு 4. எந்த அலகிலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா வரும் என்று சொல்லும் புளூபிரிண்ட் எல்லோர் கையிலும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததைவிட, எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்றுதான் நாம் அதிகம் சொல்லிக் கொடுத்தோம். ஒன் வேர்டுக்குப் புத்தகத்தின் பின்பக்க வினாக்கள், பெரிய வினாவுக்குத் தேர்ந்தெடுத்த சில டெரிவேஷன்கள், மீதிக்குக் கைடு. இந்த வழியில் போன பிள்ளைகள் சென்டம் வாங்கினார்கள், நாம் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம்.

இதைவிடப் பெரிய தவறு விடைத்தாள் திருத்தும் இடத்தில் நடந்தது. கீ ஆன்சரில் உள்ள சொல் விடைத்தாளில் இருக்கிறதா என்றுதான் பார்த்தோம். இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை. ஒரு மாணவி லென்ஸ் விதியைத் தானாக யோசித்து, தன் வார்த்தையில், ஆற்றல் அழிவின்மையோடு சேர்த்து விளக்கியிருந்தால் அவளுடைய தாள் நமக்குத் தொந்தரவாக இருந்தது. புத்தக வரியை அப்படியே எழுதி முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடு போட்ட தாள் வசதியாக இருந்தது. அதனால் வகுப்பறைக்கே போய், "சொந்த நடையில் எழுதாதீர்கள், புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள்" என்று சொன்னோம். அறிவியல் வகுப்பில் ஒரு குழந்தையிடம் சொல்லவே கூடாத வாக்கியம் அது. சொந்த வாக்கியம் ஆபத்தானது என்ற பயத்தைப் பதினேழு வயதில் அவர்களுக்குள் விதைத்தோம்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. நியூட்டனின் விதிகள், வேலையும் ஆற்றலும், சுழற்சி இயக்கம், ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அலைவுகள் என்று இயற்பியலின் அடித்தளம் முழுவதும் அந்த ஓராண்டில்தான் இருக்கிறது. அந்த ஆண்டுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ பள்ளிகள் அதைத் தொடவே இல்லை. பிளஸ் ஒன் சேர்ந்த வாரத்திலேயே பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்து, ஒரே பாடத்தை இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுத வைத்தன. இது ரகசியமாக நடக்கவில்லை. ஆசிரியர்களுக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தப் பள்ளிகளின் வாசலில் சேர்க்கைக்கு வரிசையில் நின்றோம். விசை என்றால் என்னவென்று படிக்காத பிள்ளை மின்புலத்தைப் படித்தது. வேலை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை மின்னழுத்தத்துக்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியது.

தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 1984-இல் தொடங்கி 2007-இல் முடிவுக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அது தடையாக இருந்தது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. அந்த முடிவோடு நமக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்து வந்தது. பொதுத்தேர்வு ஒன்றையே நம்பிச் சேர்க்கை நடக்கும் என்றால், அந்தப் பொதுத்தேர்வு பிள்ளையின் புரிதலை நேர்மையாக அளக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நாம் ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள் கையில் இருந்தும் வினாத்தாளை மாற்றவில்லை. 2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு வந்து நின்றபோது நம் பிள்ளைகள் இயற்பியல் பகுதியில் திணறினார்கள். நீட்டின் அநீதியைப் பற்றி நாம் பேசியதில் பெரும்பகுதி உண்மை. பணம் உள்ளவருக்குப் பயிற்சி மையம் கிடைக்கிறது, இல்லாதவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பயிற்சி மையத்துக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கு இயற்பியல் கிடைத்திருக்கக்கூடிய ஒரே இடம் நம் வகுப்பறை. அந்த இடத்தில் நாம் ஒன் வேர்டு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். பணக்கார வீட்டுப் பிள்ளை வெளியே போய் ஈடுகட்டிக்கொண்டது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைதான் நம் அலட்சியத்துக்கு முழு விலையையும் கொடுத்தது.

உலகம் முழுவதும் இதே நிலைதானே என்று கேட்கலாம். ஒருவகையில் ஆமாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டனஸும் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த பிறகும் மாணவர்கள் இயக்கத்தைப் பற்றிப் பழைய எண்ணங்களோடுதான் வெளியேறுகிறார்கள் என்பது அதன் சாரம். 1992-இல் ஹெஸ்டனஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹேமர் ஆகிய மூவரும் சேர்ந்து விசையைப் பற்றிய புரிதலை மட்டும் அளக்கும் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். அதில் கணக்கு கிடையாது, சூத்திரம் கிடையாது. எளிய நடையில் ஏறத்தாழ 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். தவறான விடைகளை அவர்கள் இஷ்டத்துக்கு எழுதவில்லை. மாணவர்கள் உண்மையில் எப்படியெல்லாம் நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டறிந்து, அந்த நினைப்புகளையே விடைகளாக வைத்தார்கள். அதனால் ஒரு மாணவர் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால், அவருக்குள் எந்த எண்ணம் இருக்கிறது என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள், வகுப்பைப் பற்றி உயர்வாக மதிப்பிட்டார்கள். 1990-இல் அவர் இந்த வகைக் கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லித் தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டார். முடிவுகள் மஸூரை உலுக்கின. அதன்பின் அவர் விரிவுரையைச் சுருக்கி, வகுப்பின் நடுவே ஒரு கருத்துக் கேள்வியைக் கொடுத்து, முதலில் தனித்தனியாக விடை சொல்லச் செய்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் செய்து, மறுபடி விடை கேட்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1998-இல் ரிச்சர்டு ஹேக் என்ற இயற்பியல் பேராசிரியர் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்கள் எழுதிய இத்தகைய தேர்வுகளின் முடிவுகளைத் தொகுத்தார். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில், தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் சராசரியாக 23 விழுக்காட்டைத்தான் மாணவர்கள் கற்றிருந்தார்கள். யோசிக்கவும் விவாதிக்கவும் வைத்த வகுப்புகளில் அது 48 விழுக்காடு.

ஆகவே புரியாமல் படிப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை இல்லை. அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், பார்த்ததை வெளியே சொன்னார்கள், வகுப்பை மாற்றினார்கள். நாம் சோதிக்கவில்லை. யாரோ சோதித்துச் சொன்னபோதும் காது கொடுக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில், 2009-ஆம் ஆண்டுச் சுற்றுக்காக இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 இடங்கள் கொண்ட பட்டியலின் அடியில் இருந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. சூழல் பொருந்தவில்லை என்றால் நம் சூழலுக்குப் பொருந்தும் கேள்விகளை நாமே எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் போனதா? லாரியும் ஸ்கூட்டரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் "லாரிதான்" என்று சொல்லும். விசை இரண்டுக்கும் சமம். ஸ்கூட்டரின் நிறை குறைவு, அதனால் அதன் முடுக்கம் பல மடங்கு அதிகம், அதனால்தான் அது நொறுங்குகிறது. மார்கழிக் காலையில் சமையலறையில் எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, பக்கத்தில் உள்ள மரப்பலகை அப்படி இல்லை. எதன் வெப்பநிலை குறைவு? இரவெல்லாம் ஒரே அறையில் இருந்த இரண்டுக்கும் ஒரே வெப்பநிலைதான். எவர்சில்வர் கையின் வெப்பத்தை விரைவாகக் கடத்திக்கொண்டு போகிறது. விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பது ஏன்? "அங்கே ஈர்ப்பு இல்லை" என்பது நாம் கேட்டுப் பழகிய பதில். 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 88 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் பூமியைச் சுற்றியபடி ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் கருவி வேண்டாம், செலவு இல்லை, பாடத்திட்டத்துக்கு வெளியேயும் இல்லை.

இவற்றுக்குப் பிள்ளைகள் சொல்லும் தவறான பதில்கள் முட்டாள்தனமானவை என்று நாம் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததும் நம் குற்றம்தான். தள்ளினால்தான் வண்டி ஓடுகிறது, தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது, ஆகவே ஓடிக்கொண்டிருக்க விசை வேண்டும் என்று ஒரு குழந்தை நினைப்பது அதன் அனுபவத்திலிருந்து வந்த முடிவு. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். அந்த எண்ணத்தை அசைக்க கலீலியோவும் நியூட்டனும் வர வேண்டியிருந்தது, இடையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஓடின. அவ்வளவு ஆழமாக வேரூன்றிய எண்ணத்தை முதல் விதியைக் கரும்பலகையில் எழுதி ஒரே பாடவேளையில் அகற்றிவிட்டதாக நாம் நம்பினோம். தவறான பதில் சொன்ன பிள்ளையை உட்கார வைத்துவிட்டுச் சரியான பதில் சொல்பவரைத் தேடினோம். "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த இடத்தில்தான் இயற்பியல் பாடம் தொடங்கியிருக்கும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதி அறிவியல் நாள் கொண்டாடுகிறோம். சி.வி. ராமன் பிறந்த ஊர் எது, நோபல் பரிசு எந்த ஆண்டு என்று வினாடி வினா நடத்துகிறோம். ராமன் செய்த வேலையைப் பற்றி எதையும் கேட்பதில்லை. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் கப்பலில் ராமன் ஒரு நிகோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தளவிளைவு அடைந்திருக்கும், பட்டகத்தைத் திருப்பி அதைத் தடுத்துவிடலாம். தடுத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, முன்பைவிட அழுத்தமாகவே இருந்தது. நீலம் நீருக்குள்ளிருந்து, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1928-இன் ராமன் விளைவுக் கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்ற பாதை அங்கே தொடங்கியது. புரூஸ்டர் விதியையும் நிகோல் பட்டகத்தையும் நாம் பன்னிரண்டாம் வகுப்பில் படம் வரைந்து விளக்கச் சொல்கிறோம். பிள்ளைகள் அழகாக வரைகிறார்கள். ஒரு குளக்கரையில் நிறுத்தி, நீரில் தெரியும் பளபளப்பை எப்படிக் குறைப்பாய் என்று கேட்டால் அவர்களுக்கு அந்தப் படம் நினைவுக்கு வருவதில்லை. 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலில் பாடம் நடத்திய ரிச்சர்டு ஃபைன்மன் இதே தளவிளைவு விஷயத்தில்தான் அங்கிருந்த மாணவர்களின் மனப்பாடத்தைக் கண்டு அதிர்ந்தார். புரூஸ்டர் விதி தெரிந்தவர்களுக்கு, கண்ணெதிரே இருந்த விரிகுடா நீரில் அதைக் காணத் தெரியவில்லை. பிரேசில் அந்த விமர்சனத்தை வெளியூர்க்காரரிடமிருந்து கேட்டது. ராமனைப் பெற்ற மண்ணுக்கு அதைச் சொல்ல வெளியாள் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

செய்முறைத் தேர்வு இந்தக் குறையைச் சரிசெய்திருக்கலாம். அதையும் நாம் சடங்காக்கினோம். ரெக்கார்டு நோட்டை முந்தைய ஆண்டு மாணவரிடமிருந்து பார்த்து எழுத விட்டோம். வர வேண்டிய விடையை முதலில் வைத்துக்கொண்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்கிட்டு நிரப்புவதைக் கண்டும் காணாமல் இருந்தோம். தன் அளவீடு புத்தக மதிப்போடு ஒத்துவரவில்லை என்று நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தது. அளவீட்டில் பிழை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதுதான் செய்முறை அறிவியலின் உயிர். அதற்கு மதிப்பெண் தராமல், பொய்யான ரீடிங்குக்கு முழு மதிப்பெண் தந்தோம். அறிவியலோடு சேர்த்து நேர்மையையும் அந்த அறையில் கெடுத்தோம்.

வேறு வழி இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 அரசுப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. பின்னர் ஏகலைவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்றார்கள். தேர்வறைக்குப் புத்தகத்தைக் கொண்டுவரலாம். புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் யோசித்தால்தான் விடை கிடைக்கும்படி கேள்விகள் இருந்தன. கிராமத்து அரசுப் பள்ளிகளில், நம்மைப் போன்ற ஆசிரியர்களைக் கொண்டுதான் அது 30 ஆண்டுகள் நடந்தது. 2002-இல் அரசு அதை நிறுத்திவிட்டது. இங்கேயும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தெருவிலும் பள்ளியிலும் சோதனைகளைக் கொண்டுபோனது, "துளிர்" இதழ் பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தூண்டியது. அந்த உற்சாகத்தை நாம் விழா மேடையில் பாராட்டினோம், வினாத்தாளுக்குள் அனுமதிக்கவில்லை.

2017-இல் மாற்றம் வந்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு, பாடத்துக்கு 100 மதிப்பெண், ரேங்க் பட்டியலுக்கு முற்றுப்புள்ளி, அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய பாடநூல்கள். புதிய இயற்பியல் புத்தகங்கள் பழையவற்றைவிடப் பல மடங்கு நல்லவை. யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்றிரண்டு வினாத்தாளில் வந்ததும் நாம் என்ன செய்தோம்? "புத்தகத்தில் இல்லாத கேள்வி" என்று புகார் சொன்னோம், கருணை மதிப்பெண் கேட்டோம். புதிய புத்தகத்துக்கும் விரைவில் கைடு வந்தது. இப்போது 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கம் நல்லது. ஆனால் பொதுத்தேர்வு இல்லாத பிளஸ் ஒன்னை நாம் முன்பு எப்படி நடத்தினோம் என்பது நமக்குத் தெரியும். இந்த முறையும் நியூட்டனைத் தாண்டிக் குதித்தால், அது அரசின் தவறாக இருக்காது, நம் தவறாகவே இருக்கும்.

ஏன் இப்படி இருந்தோம்? புரிதலைச் சோதிக்காமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஆசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு, பள்ளிக்கு விளம்பரம், பெற்றோருக்குப் பொறியியல் கட் ஆஃப், அரசுக்கு உயர்ந்துகொண்டே போகும் முடிவுகள். நமக்கும் ஒரு பயம் உண்டு. கருத்துக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் புரியாதது வெளியே தெரியும், அதோடு சேர்ந்து நமக்குப் புரியாததும் தெரியும். நாமும் இதே முறையில் படித்துத்தான் வந்தோம். வகுப்பில் அறுபது பேர், நிரப்பப்படாத பணியிடங்கள், தீராத பாடத்திட்டம், தலைக்கு மேல் நிர்வாக வேலை எல்லாம் உண்மை. ஆனால் ஒரு கருத்துக் கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் நமக்குக் கிடைக்காமல் இல்லை, நாம் ஒதுக்கவில்லை.

இனி செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு அலகையும் தொடங்கும் முன் மதிப்பெண் இல்லாத பத்துக் கேள்விகளைக் கொடுங்கள். அலகை முடித்த பிறகு அதே பத்தைத் திரும்பக் கொடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நாம் உண்மையில் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகளின் தவறான பதில்களைச் சேகரித்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள், தமிழில் நமக்கான கருத்துத் தேர்வு அதிலிருந்து உருவாகும். பொதுத்தேர்வு வினாத்தாளில் கால் பங்கு மதிப்பெண் புத்தகத்தில் நேரடியாக இல்லாத, யோசித்தால் விடை கிடைக்கும் கேள்விகளுக்கு வேண்டும் என்று சங்கங்களில் தீர்மானம் போடுங்கள். சொந்த வார்த்தையில் எழுதிய சரியான விளக்கத்துக்கு முழு மதிப்பெண் தர வேண்டும் என்று விடைத்தாள் திருத்துபவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லுங்கள். பெற்றோர்களே, எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் முன் என்ன புரிந்தது என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த பாடவேளையில் ஒரு பிள்ளை தவறான பதில் சொன்னால், உட்காரச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை அப்படி நினைப்பதற்கான காரணத்தை முழுவதும் கேளுங்கள்.